வைத்த இடத்தில் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

இதை நான் எழுதவில்லை, பேசுகிறேன். போன் எழுதிக்கொள்கிறது. ஞாபகத்துக்குப் பார்க்கிற டாக்டரம்மா தினமும் கொஞ்சம் பேசச் சொல்லியிருக்கிறார். என்ன செய்தேன், எதைத் தேடினேன், கிடைத்ததா. மாதக் கடைசியில் அவர் படித்துப் பார்ப்பாராம். அதற்கு முன்னால் என் மகள் எழிலரசி படிப்பாள். ஊர்ப் பேச்சில் பேசினால் போன் கண்டபடி எழுதிவிடுகிறது என்று அவள் சொன்னதால் மேடைப் பேச்சாளர் மாதிரி பேசுகிறேன். அதில் எனக்குச் சிரமமில்லை. விருதுநகர் மைதானத்தில் நான் கேட்காத கூட்டம் கிடையாது. எந்தக் கட்சி என்று பார்த்ததில்லை.

பெயர் பால்ச்சாமி. வத்தல் மண்டியில் மூட்டை தூக்கினேன். மனைவி பொன்னுத்தாய் போய்ச் சேர்ந்த பிறகு கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் எழிலோடு இருக்கிறேன். மாப்பிள்ளை மஸ்கட்டில். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. படித்தவன் ஒன்றை மறந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்வான். எனக்கு எடுத்துப் பார்க்க ஒன்றும் கிடையாது, ஆகவே மறந்ததும் கிடையாது. மண்டியில் தீப்பிடித்தபோது எழில் கைக்குழந்தை. அன்றைக்கு எந்த மூட்டை அட்டியில் யார் சரக்கு இருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

அப்படிப்பட்டவனை ஞாபக டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள்.

இன்று கண்ணாடியைக் காணோம். பிறகு கிடைத்தது.

மார்ச் 5, வியாழன்

கண்ணாடி விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் டாக்டரம்மா தப்பாக நினைப்பார்.

என் கண்ணாடி கட்டில் தலைமாட்டு அலமாரியில் இருக்கும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதுதான் இடம். முந்தாநாள் குளித்துவிட்டு வந்து கை விட்டேன், இல்லை. இரண்டு கையாலும் தடவினேன், இல்லை. எழில் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. காதில் மாட்டியதைக் கழற்றும்வரை நின்றேன்.

"என்னப்பா?"

"கண்ணாடியக் காணோம் தாயி, வச்ச எடத்துல."

"சாப்பாட்டு மேசையில நீலத் தட்டு இருக்குல்ல, அதுல பாருங்க."

நீலத் தட்டு இருந்தது. கண்ணாடி இல்லை. திரும்பி வந்து சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டு எழுந்து மேசையைப் பார்த்தாள். பிறகு என் அறைக்குப் போய், தலைமாட்டு அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"இங்கதானப்பா இருக்கு."

நான் கை விட்டபோது அங்கே இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வேலைக்கு வருகிற ரங்கநாயகி துடைப்பத்தோடு அந்த நேரத்தில்தான் அறைப்பக்கம் வந்தாள். இந்த ஊர்க்காரி, வாய் சும்மா இருக்காது. "அட விடுங்க ஐயா, கண்ணாடியப் போட்டுக்கிட்டே கண்ணாடி தேடறவங்களும் இருக்கறாங்க. நீங்க எவ்வளவோ தேவலைங்க," என்றாள்.

நான் சிரித்தேன். எழில் சிரிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

எதையும் தேடவில்லை. பொன்னுத்தாய் வைத்த ரசம் நன்றாக இருந்தது. ரங்கநாயகி என்று சொல்ல வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

எழிலுக்கு வேலையில் ஏதோ பெரிய சங்கடம். சாப்பாடு அப்படியே கிடக்கிறது.

அவள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்குப் பெட்டி செய்கிறது. படுக்கைக்கு மேலே நெஞ்சுத் துடிப்பு பச்சைக் கோடாக ஓடுமே, அந்தப் பெட்டி. அதற்குள்ளே ஓடுகிற அடிப்படை ப்ரோக்ராம் எழிலும் இம்மானுவேல் என்கிற தம்பியும் எழுதியது. அவன் பெங்களூரில் இருக்கிறான், குரலாகத்தான் எனக்குத் தெரியும். புதுப்பெட்டிகள் இன்னும் நோயாளிகளிடம் போகவில்லை, சோதனையில் இருக்கின்றன. எப்போதாவது ஒன்று, கோடு ஓடும்போதே உறைந்து நின்றுவிடுகிறதாம். மாதக் கடைசியில் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"பேஜ் ஃபால்ட் வர்ற நேரத்துலதான் எழில் நிக்குது," என்று இம்மானுவேல் இன்று பத்துத் தடவையாவது சொன்னான். மத்தியானம் அவளிடம் கேட்டேன்.

"யார் மேல தாயி ஃபால்ட்டு?"

பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "அது பேருதாம்ப்பா ஃபால்ட்டு. தப்பு ஒன்னும் கிடையாது. பெட்டியோட ஞாபகத்தைப் பக்கம் பக்கமாப் பிரிச்சு வச்சிருக்கோம். எந்தப் பக்கம் எங்க இருக்குன்னு ஒரு அட்டவணை. ஒரு வேலை அட்டவணையைப் பார்த்துட்டுப் போகும். தேடுன பக்கம் அங்க இல்லன்னா கையைத் தூக்கும். அதான் பேஜ் ஃபால்ட். உடனே நாங்க எழுதி வச்ச ஆளு ஓடிவந்து, அந்தப் பக்கத்தைக் கொண்டாந்து போட்டு, அட்டவணையில குறிச்சிருவான்."

"பெறகென்ன?"

"அவன் ஓடிட்டு இருக்கறப்பவே இன்னொருத்தன் அட்டவணையில அதே வரியை மாத்திட்டான்னு வைங்க. இவனுக்குத் தெரியாது. வர்றப்பப் பார்த்ததையே நம்பி அது மேலயே எழுதிருவான்."

"ரெண்டு பேருக்கும் சண்டை வரும்."

"சண்டை வந்தாத்தான் தேவலையே. சத்தமே இல்லாம நின்னுருது. அதுலயும் நாங்க உத்துப் பார்த்துட்டு இருந்தா வர்றதில்ல. பாக்குறதுக்குன்னு ப்ரோக்ராம்ல ஒரு வரி சேர்த்தாலே ஓட்டம் கொஞ்சம் மெதுவாயிருது, மோதிக்க மாட்டேங்குது. அந்த வரிய எடுத்துட்டா திரும்ப நிக்குது."

"பேய் மாதிரி."

"பேய்க்காவது எலுமிச்சம்பழம் வைக்கலாம்," என்றாள்.

பிறகு மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். கை கழுவி வந்து மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.

மார்ச் 11, புதன்

ரத்த அழுத்த மாத்திரை தலைமாட்டு அலமாரியில் இல்லை. கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். நீலத் தட்டு என்றாள். ரங்கநாயகி ஈரத்துணியோடு துடைத்துக்கொண்டிருந்தாள், தரை காயட்டும் என்று நின்றுவிட்டுப் போனேன். தட்டில் இல்லை. மறுபடி என் அறைக்கே போனேன்.

அலமாரியில் இருந்தது.

மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

எழில் பின்னாலேயே வந்து நின்றாள். "அங்கதான் இருந்துச்சா?"

"இப்ப இருக்கு."

"அப்பா. மாத்திரைக்குக் கால் மொளைக்காதுப்பா."

சாயங்காலம் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு மாப்பிள்ளையிடம் பேசினாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. "அடுப்பை எரியவிட்டுட்டுப் போயிட்டார்னா? நான் ஆபீஸ் கால்ல இருக்கேன், எனக்கு எப்படித் தெரியும்? ஆனைகட்டி ரோட்டுல ஒரு முதியோர் இல்லம் இருக்காம். நல்லாப் பாத்துக்கறாங்களாம்," என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

நான் இதுவரை அடுப்பை எரியவிட்டதில்லை.

மார்ச் 12, வியாழன்

எழில் லீவு போட்டுவிட்டு முழுநாளும் என்கூடவே இருந்தாள். கண்ணாடி, மாத்திரை, சாவி, எதைக் கேட்டாலும் போய் எடுத்து வந்தேன். ஒன்றும் தப்பவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். குழப்பம்தான் வந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தால் வருவதில்லை என்று பெட்டியைப் பற்றிச் சொன்னாளே, நானும் அந்த ரகம்தான் போலிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

"சும்மா பார்த்துட்டு வரலாம்ப்பா" என்று அந்த இல்லத்துக்குக் கூட்டிப் போனாள்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. மலை தெரிகிறது. தரையில் முகம் பார்க்கலாம். சாப்பாட்டு அறையில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாலுகா ஆபீசில் பெரிய பதவியில் இருந்தவராம்.

"எந்த பஸ்ஸுல வந்தீங்க?"

"காருல வந்தோம்ங்க."

தலையாட்டினார். தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"எந்த பஸ்ஸுல வந்தீங்க?"

கிளம்புகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான், "ரெண்டாம் நம்பர் பஸ்ஸுங்க," என்றேன். "அப்ப உக்கார எடம் கிடைச்சிருக்கும்," என்று திருப்தியோடு எழுந்து போனார்.

நிர்வாகி அம்மா மாதக் கடைசிவரை ஓர் அறையை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். எழில் சரியென்றாள். வழியெல்லாம் ரேடியோ ஓடியது.

எழில் இதைப் படிப்பாள் என்பதால் சொல்கிறேன்: எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எது காணாமல் போனாலும் கேட்பதில்லை. கேட்டால் கணக்கில் சேரும்.

நேற்று கண்ணாடி இல்லாமல் இருந்தேன். டிவியில் எல்லோரும் புகைக்குள் நின்று பேசுவது மாதிரி இருந்தது. இன்று மாத்திரை அலமாரியில் இல்லை, தட்டில் இல்லை. பேசாமல் வந்து படுத்துக்கொண்டேன். ஒரு நாள் போடாவிட்டால் உயிரா போகும். குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சோப்புத் தண்ணீர் வழுக்கல்.

ரங்கநாயகிதான் பார்த்தாள். "மூஞ்சி வெளுத்துப் போச்சுங்களே ஐயா, அம்மிணியக் கூப்புடட்டுங்களா?"

"கூப்புட்டேன்னா பாரு. உங்கிட்டப் பேச மாட்டேன்."

"ஐயோ, அப்பறம் நான் யாருகிட்டப் பேசறது? அம்மிணி காதைத்தான் அந்தக் கருப்பு மிசினு வாடகைக்கு எடுத்துருச்சே."

உட்காரவைத்து மோர் கொடுத்தாள். மண்டித் தீயைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். புகை வருகிறது என்றதும் நான் முதலில் ஓடியது எழில் படித்த பள்ளிக்கூடத்துக்குத்தான். பையும் ஆளுமாகத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். "அம்மிணி அப்பவே கனமுங்களா?" என்றாள். எல்லாம் நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது எனக்கு.

மார்ச் 19, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

காலையில் எழிலின் காதுமாட்டி கெட்டுப்போய், இம்மானுவேலின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. நான் சோபாவில் இருந்தேன். இருவரும் வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தார்கள். திடீரென்று அவன், "நில்லு, நில்லு. பக்கத்தைக் கொண்டுவந்து, வேற எவனும் தொடாதபடி பூட்டையும் போட்டாச்சு. எழுதறதுக்கு முன்னாடி அட்டவணையை மறுபடி பார்க்கற வரி எங்க?" என்றான்.

எழில் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

"பழைய ப்ரோக்ராம்ல இருந்துச்சே. எவன் எடுத்தான்?"

"நான்தான்," என்றாள். "ஒரு தடவைதான் பார்த்தாச்சே, ரெண்டாம் தடவை பார்க்கறது வீண் வேலைன்னு தூக்கிட்டேன். வேகம் கூடுச்சுன்னு நீகூடப் பாராட்டுன."

"நானா?"

"ட்ரீட் வேற கேட்ட."

"சரி, அதை விடு. எடுக்கப் போறப்ப ஒன்னு பார்த்தோம். கொண்டாந்து வைக்கறப்பவும் அது அப்படியேதான் இருக்கும்னு நம்பிட்டோம். நடுவுல மாத்துனவன் சொல்லல. நாமளும் திரும்பிப் பார்க்கல. மோதாம என்ன செய்யும்?"

எழில் முகத்தைக் கைகளால் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் ரங்கநாயகி மேசையைத் துடைக்க வந்தாள். நீலத் தட்டிலிருந்து என் கண்ணாடியையும் மாத்திரையையும் எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு என் அறைப்பக்கம் நடந்தாள். எழிலின் கண்கள் அவள் பின்னாலேயே போயின.

"ரங்காக்கா. அதை எங்க கொண்டு போறீங்க?"

"ஐயா ரூமுக்குத்தானுங்க அம்மிணி. தெனமும் இது மேசைக்கு வந்துருதுங்க. ஐயா பாவம், பழைய எடத்துலதான தேடுவாரு? நாந்தான் கொண்டுபோயி அலமாரில வெப்பனுங்க."

"எப்ப இருந்து?"

"அதாச்சுங்க, பொங்கல் கழிஞ்சதுல இருந்து."

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க? அதுவுமில்லாம நீங்க எப்பப் பார்த்தாலும் பேசிட்டே இருப்பீங்க." கொஞ்சம் நின்று, "அப்ப மேசைக்குக் கொண்டாந்து வெக்கறது நீங்களுங்களா?" என்றாள்.

"ஆமா. விடிஞ்சதும் எடுத்து வைப்பேன். அப்பா கண்ணுல படட்டும்னு."

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னாலும் மறந்துருவாருன்னு..." என்று ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எழில்? லைன்ல இருக்கியா?" என்று இம்மானுவேல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "இல்லன்னு நீங்க ஒவ்வொரு தடவை வந்து சொன்னப்பவும் இல்லாமத்தான்ப்பா இருந்திருக்கு," என்றாள். "நீங்க எங்கிட்ட நடந்து வர்றதுக்குள்ள அக்கா மாத்திட்டாங்க. நீங்களே மாத்தி வச்சுட்டு மறந்துட்டீங்கன்னு நான் உங்களை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்."

"அதுக்கென்ன தாயி. டாக்டரம்மா நல்ல மாதிரிதான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ரங்கநாயகி, "நல்ல கூத்துங்க. அள்ளி வெச்ச ரெண்டு பேரும் நல்லாருக்கறோம், தேடுன மனுசனுக்கு வைத்தியம்," என்றாள்.

எழில் அப்போதே இல்லத்துக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இனி யார் எதை நகர்த்தினாலும் மற்ற இருவருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். நீலத் தட்டில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது. பாயசம் வைத்தார்கள். மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

எடுத்த வரியைத் திரும்பச் சேர்த்த பிறகு ஒரு பெட்டிகூட நிற்கவில்லையாம். நாளைக் காலையில் எழில் பெங்களூர் போகிறாள், பெட்டிகளை ஒப்படைக்க. ரங்கநாயகிக்கு ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா, அவளும் வரமாட்டாள். பத்து நாளைக்கு முன்னால் என்றால் என்னை எங்கேயாவது விட்டுவிட்டுத்தான் போயிருப்பாள். இன்று, "பார்த்துக்குவீங்கள்லப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"வீட்ட நான் பார்த்துக்கிறேன். நீ பெட்டியப் பாரு," என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

நேற்று முழுக்கத் தனியாக இருந்தேன். இட்லியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். அடுப்பை அணைத்தேன். அணைத்ததைத் திரும்ப வந்தும் பார்த்தேன்.

இன்று காலை மாத்திரை எடுக்கப் போனேன். அலமாரியில் இல்லை. கண்ணாடியும் இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடியும் யாரோ சொல்லாமல் நகர்த்திவிட்டார்கள் என்று கூடத்துக்கு வந்து, "எழிலு," என்று கூப்பிட்டும்விட்டேன். நாற்காலி காலியாக இருந்தது. மேசையைப் பார்த்தேன். சமையலறையைப் பார்த்தேன். வாசலுக்குப் போனேன். உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

கடைசியில் என் தகரப் பெட்டியைத் திறந்தேன். மடித்த வேட்டிகளுக்கு அடியில் ஒரு துண்டு, மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. அதன் வாயில் ஒரு முடிச்சு. வத்தல் மூட்டைக்கு மண்டியில் போடுகிற முடிச்சு அது. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைத் திருப்பி அடியில் சொருக வேண்டும். பொன்னுத்தாய்க்கே வராது. எழிலுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அவிழ்த்தேன். மாத்திரை, கண்ணாடி, வீட்டுச் சாவி, ஒரு வாழைப்பழம். பழம் இன்னும் கறுக்கவில்லை.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கட்டியதை யோசித்துப் பார்த்தேன். மண்டியில் கட்டிய மூட்டையெல்லாம் ஞாபகம் வருகிறது. இது வரவில்லை. பிறகு மாத்திரையையும் கண்ணாடியையும் அலமாரியில் வைத்தேன், சாவியை ஆணியில் மாட்டினேன், பழத்தைத் தின்றுவிட்டேன். துண்டை உதறி மடித்தேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் அதது இடத்தில் இருந்தது.

மத்தியானம் எழில் கூப்பிட்டாள். பேசும்போதும் அந்தப் பக்கம் அவள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருக்கிற சத்தம் கேட்டது.

"பெட்டியெல்லாம் ஒப்படைச்சாச்சுப்பா. ஒன்னுகூட நிக்கல. இம்மானுவேல் உங்களைக் கேட்டான். அங்க எப்படி? எல்லாம் அதது எடத்துல இருக்கா?"

"இருக்கு தாயி."

"வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்டப் போய் நானே சொல்லிடறேன். எங்கப்பாவுக்கு ஒன்னுமே இல்ல, தப்பு எங்க மேலதான்னு."

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. போனை வைத்துவிடுகிறேன் என்று சொல்லப் போனாள்.

"எழிலு," என்றேன். "காலையில மாத்திரை எடம் மாறி இருந்துச்சு."

"ரங்காக்கா நோம்பிக்குப் போகலையா? வந்து மாத்தி வச்சாங்களா?"

"அவ வரல."

"பின்ன யாருப்பா வந்தா?"

"யாரும் வரல தாயி."

தட்டுகிற சத்தம் நின்றது.